கேன்சர் அல்லாத கட்டிக்கு முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க வேண்டுமா?

வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுக்கப் போன 22 வயதுப் பெண் என்று வைத்துக்கொள்வோம். வலி இரண்டு நாளில் தானாகவே போய்விட்டது. ஆனால் ரிப்போர்ட்டின் கடைசியில் ஒரு வரி: வலது சிறுநீரகத்தின் கீழ் முனையில் இரண்டரை செ.மீ. அளவில் திடமான ஒரு கட்டி. அதைப் படித்த நிமிஷத்திலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. கட்டி என்றாலே நம் காதில் கேன்சர் என்றுதான் விழுகிறது.

கேன்சராக இருக்கலாம்தான், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் 4 செ.மீ.க்கு உட்பட்ட சிறுநீரகக் கட்டிகளைக் கேன்சர் என்று சந்தேகப்பட்டு அறுத்து எடுத்த பிறகு பார்த்தால், கிட்டத்தட்ட ஐந்தில் ஒன்று தீங்கற்றதாக இருக்கிறது. இளம்பெண்களிடம் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். ஆக, டாக்டர்களின் முன்னால் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன. கேன்சரைச் சாதாரணக் கட்டி என்று விட்டுவிடுவது முதலாவது. சாதாரணக் கட்டிக்காக முழுச் சிறுநீரகத்தையும் எடுத்துவிடுவது இரண்டாவது. முதலாவதைப் பற்றி எல்லோருக்கும் பயம் உண்டு. இரண்டாவதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. இளம் வயதில் அதுவும் சின்ன இழப்பல்ல என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

"ஒரு சிறுநீரகம் போனால் என்ன, இன்னொன்று இருக்கிறதே" என்று பலரும் ஆறுதல் சொல்வார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. தானம் கொடுத்தவர்கள் ஒன்றை வைத்துக்கொண்டே நன்றாக வாழ்கிறார்கள். ஆனால் அவர்கள் பலவிதமாகச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். கட்டி வந்தவரை யாரும் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறக்குறைய பத்து லட்சம் நெஃப்ரான்கள் இருக்கின்றன. ரத்தத்தை வடிகட்டும் இந்த நுண்ணிய அலகுகள் கருவிலேயே, ஏறக்குறைய 36 வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. 22 வயதுப் பெண்ணுக்கு முன்னால் இன்னும் ஐம்பது, அறுபது வருஷம் இருக்கிறது. அதற்குள் சர்க்கரை நோய் வரலாம், கல் வரலாம், பிரஷர் வரலாம். சிறுநீரகத் தானம் செய்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறும் வாய்ப்பு சற்று அதிகம் என்பதும் ஆய்வுகளில் தெரிந்த விஷயம். எழுபது வயதுக்காரருக்கு எடுக்கும் முடிவை அப்படியே இருபது வயதுக்காரருக்கும் எடுக்க முடியாது.

சரி, கட்டி எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் துப்பு நோயாளியின் வயது. பிறந்து மூன்று மாதத்துக்குள் தெரியவரும் திடமான சிறுநீரகக் கட்டியில் அதிகம் காணப்படுவது பிறவி மீசோபிளாஸ்டிக் நெஃப்ரோமா. கர்ப்பகால ஸ்கேனிலேயே சில சமயம் கண்ணில் பட்டுவிடும். தாயின் பனிக்குடத்தில் நீர் அளவுக்கு மேல் சேர்ந்திருப்பதும் ஒரு குறி. 1967ல் பொலாண்டே என்ற நோயியல் நிபுணரும் அவருடைய சகாக்களும் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார்கள். அதுவரை இது, குழந்தைகளுக்கு வரும் சிறுநீரகக் கேன்சரான வில்ம்ஸ் கட்டியோடு சேர்த்தே எண்ணப்பட்டது. பிறந்து சில வாரமே ஆன சிசுக்களுக்குத் தேவையில்லாத கீமோதெரபியும் கதிர்வீச்சும் போய்க்கொண்டிருந்தன. சரியான பெயர் தெரிந்ததால் அந்தக் குழந்தைகள் தப்பித்தார்கள்.

இந்தக் கட்டிக்கு மட்டும் முழுச் சிறுநீரகத்தையும் எடுப்பதுதான் வழக்கமான சிகிச்சை. மற்ற பல கட்டிகளைப் போல இதற்குத் தெளிவான உறை கிடையாது. விரல் நுழைப்பது போலப் பக்கத்துத் திசுவுக்குள் நீண்டிருக்கும். கொஞ்சம் விட்டாலும் திரும்ப வளரும். இதிலேயே செல்கள் நெருக்கமாக இருக்கும் ஒரு வகை உண்டு. அதில் இரண்டு மரபணுக்கள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். திரும்ப வருவது பெரும்பாலும் அந்த வகைதான், அதுவும் முதல் வருஷத்துக்குள். அப்படி வந்தால் அந்த ஒட்டிய மரபணுவின் வேலையைத் தடுக்கும் மருந்துகள் இப்போது இருக்கின்றன.

குழந்தைகளின் சிறுநீரகக் கட்டி விஷயத்தில் உலகம் இரண்டு பாதைகளில் போகிறது. வட அமெரிக்கக் குழுக்கள், முடிந்தவரை முதலில் அறுவை, பிறகு மருந்து என்கின்றன. ஐரோப்பிய வழக்கம் முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு அறுவை செய்வது. ஆனால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தை என்றால் ஐரோப்பியர்களும் நேராக அறுவைக்குத்தான் போகிறார்கள். அந்த வயதில் கட்டி தீங்கற்றதாக இருக்கும் வாய்ப்பு அதிகம். தேவையில்லாத கீமோ ஒரு குழந்தைக்கும் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கைதான் காரணம்.

சற்று வளர்ந்த குழந்தைகளிடம், பெரும்பாலும் நான்கு வயதுக்குள், தேன்கூடு போல அறை அறையாக நீர் நிறைந்த ஒரு கட்டி வரும். சிஸ்டிக் நெஃப்ரோமா என்று பெயர். கட்டி தீங்கற்றது, எடுத்தால் தீர்ந்தது. ஆனால் இந்தக் குழந்தைகளில் பலரிடம் டைசர்1 என்ற மரபணுவில் பிழை இருக்கிறது. அதே பிழை நுரையீரலில் ஆபத்தான ஒரு கட்டியையும் உண்டாக்கக்கூடியது. அதனால் சிறுநீரகத்தில் இதைப் பார்த்த டாக்டர் குழந்தையின் நெஞ்சையும் படமெடுத்துப் பார்க்க வேண்டும். தம்பி தங்கைகளையும் சோதிக்க வேண்டி வரலாம்.

பதின்ம வயதுக்கும் முப்பதுகளுக்கும் இடையே கதை மாறுகிறது. இந்த வயதில் வரக்கூடிய கட்டிகளில் என்னை அதிகம் யோசிக்க வைப்பது ரெனினோமா. மிக அபூர்வமானது. ஆனால் சரியாகக் கண்டுபிடித்தால் மருத்துவத்தில் இதைவிட மனநிறைவு தரும் சிகிச்சைகள் அதிகம் இருக்காது.

சிறுநீரகத்தின் ஒவ்வொரு வடிகட்டிக்கும் வாசலில் சில சிறப்பு செல்கள் காவல் இருக்கின்றன. ரத்த அழுத்தம் குறைந்தால் இவை ரெனின் என்ற பொருளைச் சுரக்கும். ரெனின் ஒரு சங்கிலி வினையைத் தொடங்கிவைக்கிறது. ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பி ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது, உடலில் உப்பு தங்குகிறது, பொட்டாசியம் சிறுநீரில் வெளியேறுகிறது. கடைசியில் அழுத்தம் ஏறுகிறது. ரெனினோமா என்பது இந்தக் காவல் செல்களே பெருகிக் கட்டியாவது. அழுத்தம் எவ்வளவு ஏறினாலும் இவை சுரப்பதை நிறுத்துவதில்லை.

இருபது வயதுப் பிள்ளைக்கு 200க்கு 120 என்று பிரஷர் காட்டுகிறது. தலைவலி, கண் மங்கல், கால்களில் தசைப்பிடிப்பு, ராத்திரியில் நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பது. படிப்புச் சுமை, பதற்றம் என்று சொல்லி மூன்று, நான்கு வகை மாத்திரைகளில் வருஷங்கள் ஓடிவிடுவது உண்டு. சாதாரண ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் குறைவாக இருக்கிறதே என்று யாராவது ஒருவர் நின்று கவனித்தால்தான் கதவு திறக்கிறது. ரெனினையும் ஆல்டோஸ்டிரோனையும் சேர்த்து அளக்க வேண்டும். அட்ரினல் சுரப்பியிலேயே கட்டி இருந்தால் ஆல்டோஸ்டிரோன் ஏறும், ரெனின் இறங்கும். இரண்டுமே ஏறியிருந்தால் காரணம் சிறுநீரகப் பக்கம். ஒரு எச்சரிக்கை: பல பிரஷர் மாத்திரைகள் இந்த அளவுகளையே மாற்றிவிடும். அதனால் பரிசோதனைக்கு முன் எந்த மாத்திரையை நிறுத்துவது, எதை மாற்றுவது என்பதை டாக்டர் மேற்பார்வையில் திட்டமிட வேண்டும். தானாக நிறுத்தக் கூடாது.

அடுத்து, சிறுநீரகத்துக்குப் போகும் தமனி எங்காவது சுருங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரெனின் கூடுவதற்கு அதுதான் இதைவிடப் பொதுவான காரணம். தமனி சரியாக இருந்தால் கட்டியைத் தேட வேண்டும். இங்கேதான் சிக்கல். ரெனினோமா பெரும்பாலும் மூன்று செ.மீ.க்குள் அடங்கிவிடும். அல்ட்ராசவுண்டில் தப்பிவிடும்; சாயம் ஏற்றாத சிடியில் சுற்றியுள்ள திசுவோடு ஒரே நிறமாகக் கலந்துவிடும். சாயம் ஏற்றி, வெவ்வேறு நேரங்களில் படமெடுத்தால்தான் பிரகாசமான சிறுநீரகத்துக்குள் மங்கலான ஒரு வட்டமாகத் தெரியும். இரண்டு சிறுநீரகச் சிரைகளிலும் குழாய் செலுத்தி, எந்தப் பக்க ரத்தத்தில் ரெனின் அதிகம் என்று பார்ப்பதும் உண்டு. ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் அந்தப் பக்கம்தான் குற்றவாளி. ஆனால் விளிம்பில் இருக்கும் கட்டியின் ரத்தம் வேறு சிறு சிரைகள் வழியாக வடிந்துவிடக்கூடும் என்பதால், இந்தச் சோதனையில் இரண்டு பக்கமும் வித்தியாசம் தெரியவில்லை என்பதற்காகக் கட்டி இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இடம் தெரிந்துவிட்டால் கட்டியை மட்டும் அறுத்தெடுத்தால் போதும். பலருக்குச் சில நாட்களிலேயே அழுத்தம் இயல்புக்கு வந்துவிடும். வருஷக்கணக்கில் உயர் அழுத்தத்தைத் தாங்கி ரத்தக் குழாய்கள் கெட்டிருந்தால் மட்டும் ஒரு மாத்திரை தொடரலாம். எடுத்த கட்டியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்களுக்குள் சாய்சதுர வடிவத்தில் சிறுசிறு படிகங்கள் தெரியும். அவை ரெனினாக மாறக் காத்திருந்த சரக்கு. அத்தனை நாள் அந்தப் பிள்ளையின் தலையை வலிக்கவைத்த பொருளைக் கண்ணால் பார்ப்பது அந்த இடத்தில்தான்.

இளம் வயதினரிடம் இதைவிட அதிகம் பார்க்கக்கூடியது ஆஞ்சியோமயோலிப்போமா. ரத்தக் குழாய், தசை, கொழுப்பு மூன்றும் கலந்த கட்டி. இதை அறுக்காமலேயே அடையாளம் காணலாம் என்பது பெரிய ஆறுதல். சிடி ஸ்கேனில் ஒவ்வொரு திசுவுக்கும் ஒரு எண் உண்டு, தண்ணீருக்குப் பூஜ்யம். கொழுப்பு அதற்கும் கீழே, மைனஸில் போகும். சிறுநீரகக் கட்டிக்குள் மைனஸ் பத்துக்குக் கீழே ஒரு பகுதி தெரிந்தால், பெரும்பாலும் விஷயம் முடிந்தது. கொழுப்பு குறைவான சில கட்டிகள்தான் கேன்சர் போலவே வேஷம் போட்டு ஏமாற்றும்.

இதில் பயப்பட வேண்டியது ரத்தக்கசிவுக்கு. கட்டிக்குள் இருக்கும் குழாய்களின் சுவர் ஒழுங்காக அமையாததால் அங்கங்கே குமிழ் போல உப்பி, ஒருநாள் வெடிக்கலாம். கட்டி வெடித்துச் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் தேங்குவதை, 1856ல் விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயரால் வுண்டர்லிச் நோய்க்குறி என்பார்கள். திடீரென்று விலாவில் தாங்க முடியாத வலி, மயக்கம். அந்த நேரத்தில் கத்தியை எடுப்பதற்கு முன் யோசிக்க வேண்டியது, தொடையிலோ மணிக்கட்டிலோ தமனி வழியாக நுழைந்து கசியும் குழாயை மட்டும் அடைக்கும் எம்போலைசேஷன். அவசரத்தில் அறுவைக்குப் போனால் முழுச் சிறுநீரகமும் போய்விடும் வாய்ப்பு அதிகம்.

முன்பெல்லாம் 4 செ.மீ. தாண்டினாலே சிகிச்சை என்பது எழுதாத சட்டமாக இருந்தது. இப்போது அளவை மட்டும் வைத்து முடிவெடுப்பதில்லை. உள்ளே இருக்கும் குழாய்க் குமிழ் 5 மி.மீ.க்கு மேல் உப்பியிருக்கிறதா, எவ்வளவு வேகமாக வளர்கிறது, கர்ப்பமாகத் திட்டம் இருக்கிறதா, அவசரம் என்றால் ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்பதெல்லாம் கணக்கில் வரும். கர்ப்ப காலத்தில் இந்தக் கட்டி பெருத்து வெடிக்கும் அபாயம் கூடும் என்பதால், இளம்பெண்களிடம் இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

இரண்டு சிறுநீரகங்களிலும், அதுவும் பலவாக இருந்தால், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற பரம்பரை நோயைச் சந்தேகிக்க வேண்டும். அந்த நோய் உள்ளவர்களில் 80 சதவீதம் பேர் வரைக்கும் இந்தக் கட்டி வருகிறது. தோலில் இலை வடிவ வெள்ளைத் திட்டுகள், மூக்கைச் சுற்றிச் சிவந்த பருக்கள் போன்ற புடைப்புகள், நகத்தின் ஓரத்தில் சதை வளர்ச்சி, சிறுவயதில் வலிப்பு வந்த வரலாறு. இதையெல்லாம் பார்க்கவும் கேட்கவும் ஐந்து நிமிஷம் போதும். அந்த ஐந்து நிமிஷம் செலவழிக்கப்படாமல் நேராக அறுவைக்குத் தேதி குறிக்கப்படுவதை நினைத்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. ஏனென்றால் இவர்களுக்குக் கட்டிகள் வாழ்நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனால் சிறுநீரகமே மிஞ்சாது. எவரோலிமஸ் என்ற மாத்திரை இந்தக் கட்டிகளைச் சுருக்குகிறது; 2012ல் அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது. நிறுத்தினால் மறுபடி வளரும் என்பதும் உண்மை.

மெட்டாநெஃப்ரிக் அடினோமா என்ற இன்னொரு தீங்கற்ற கட்டியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நடுவயதில்தான் அதிகம் என்றாலும் சிறுவர்களிடமும் வருகிறது. சிலருக்கு ஹீமோகுளோபின் அளவுக்கு மேல் ஏறியிருப்பது ஒரு துப்பு. நுண்ணோக்கியில் சிறுசிறு நீலச் செல்களாகத் தெரிவதால் வில்ம்ஸ் கட்டியோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் இவற்றில் பத்தில் ஒன்பதில் பிராஃப் மரபணுவில் குறிப்பிட்ட ஒரு மாற்றம் இருக்கிறது. அதைக் காட்டும் சாயச் சோதனை குழப்பத்தைத் தீர்க்க உதவுகிறது.

"ஊசி போட்டுக் கொஞ்சம் எடுத்துப் பார்த்துவிடலாமே" என்பது எல்லாக் குடும்பங்களும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்விதான். பெரியவர்களுக்குப் பயாப்ஸி பெரும்பாலும் பாதுகாப்பானது, கேன்சர் என்று வந்தால் அதை நம்பலாம். கேன்சர் இல்லை என்று வரும்போதுதான் சங்கடம்: ஊசி தொட்ட இடத்தில் இல்லையா, கட்டியிலேயே இல்லையா? குழந்தைகளிடம் நிலைமை வேறு. வில்ம்ஸ் கட்டியாக இருந்துவிட்டால், வட அமெரிக்க முறைப்படி, ஊசி குத்தியதற்காகவே நோய் மூன்றாம் நிலை என்று கணக்காகி, சிகிச்சையும் கடுமையாகிவிடும். பயாப்ஸியின் முடிவு எதுவாக வந்தாலும் செய்யப்போகும் சிகிச்சை மாறாது என்றால் குத்துவதில் அர்த்தமில்லை. மாறும் என்றால் தயங்கக் கூடாது.

ஆகவே பல நேரங்களில் உறுதியான பெயர் தெரியாமலேதான் அறுவை அரங்குக்குள் போக வேண்டியிருக்கிறது. கேன்சராக இருந்தாலும் முழுதாக வெளியே வர வேண்டும். இல்லாவிட்டாலும் நல்ல திசு வீணாகக் கூடாது. இரண்டுக்கும் பொருந்தும் விடை பகுதி நெஃப்ரெக்டமி, அதாவது கட்டியோடு ஒட்டிய மெல்லிய ஓரத்தை மட்டும் எடுப்பது. இது புதிய யோசனையும் அல்ல. ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் குஸ்டாவ் சைமன் என்ற அறுவை மருத்துவர் திட்டமிட்டு முழுச் சிறுநீரகத்தை எடுத்துக் காட்டியது 1869ல். கட்டிக்காகப் பகுதியை மட்டும் செர்னி என்ற அறுவை மருத்துவர் அறுத்தெடுத்தது 1887ல். பிறகு 1960களில் முழுதாக எடுப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் வலுத்து, பல பத்தாண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது.

எளிதாகச் சொல்லிவிட்டேன், செய்வது எளிதல்ல. இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு இரண்டு சிறுநீரகங்களுக்கும் போகிறது. நிமிஷத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல். அப்படிப்பட்ட உறுப்பை வெட்டினால் என்ன ஆகும்? அதனால் தமனியைக் கவ்வியால் இறுக்கி ரத்தத்தை நிறுத்துகிறார்கள். அந்த நொடியிலிருந்து நர்ஸ் நேரத்தைச் சொல்லத் தொடங்குகிறார். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். குளிரூட்டாத நிலையில் 25, 30 நிமிஷத்துக்குள் ரத்தம் மறுபடி பாய வேண்டும் என்பது பொதுவான இலக்கு. அதற்கு மேல் ஆகும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சிறுநீரகத்தைச் சுற்றி நுணுக்கிய ஐஸை நிரப்புவார்கள். கவ்வுவதற்கு முன்பே அல்ட்ராசவுண்ட் கருவியைச் சிறுநீரகத்தின் மேலேயே வைத்து, கட்டியின் எல்லையைச் சுற்றிக் கோடு போட்டிருப்பார்கள். ரெனினோமா போல வெளியே தெரியாமல் உள்ளே புதைந்த சிறு கட்டிகளுக்கு இந்தக் கோடு இல்லாமல் முடியாது. வெட்டியதும் முதலில் சிறுநீர் சேரும் அறை திறந்திருக்கிறதா என்று பார்த்துத் தைப்பார்கள், பிறகு ரத்தக் குழாய்களை, கடைசியில் வெளி ஓரத்தை. சிறுநீரகத் திசு வெண்ணெய் போல. நூலை இழுத்தால் கிழிந்துகொண்டு வரும். அதனால் நூலின் முனையில் சிறு கிளிப்பை மாட்டி, அது திசுவை மெதுவாக அழுத்தும்படி இறுக்குகிறார்கள். லேப்ராஸ்கோப்பியோ, ரோபோவோ, திறந்த அறுவையோ, உள்ளே நடப்பது இதுதான். என்னைக் கேட்டால், எந்த இயந்திரம் என்று விசாரிப்பதைவிட, இந்த அறுவையை அடிக்கடி செய்பவரா என்று விசாரிப்பதுதான் முக்கியம்.

அறுவை பற்றி டாக்டரிடம் பேசும்போது ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: பகுதியை மட்டும் எடுக்க முடியாது என்கிறீர்களா, அல்லது இங்கே முடியாது என்கிறீர்களா? நடுவில் புதைந்த, பெரிய குழாய்களை ஒட்டிய கட்டிகளில் உண்மையிலேயே முடியாமல் போவதுண்டு. ஆனால் இரண்டாவது பதில் என்றால் வேறு இடத்தில் காட்டிக் கருத்துக் கேட்க நேரம் இருக்கிறது. ரத்தக்கசிவு இல்லாத சிறு கட்டிக்குச் சில வாரங்கள் தாமதம் பொதுவாகக் கெடுதல் செய்வதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் சில வாரங்கள் கவனம் வேண்டும். தைத்த இடத்தில் ஒரு சிறு தமனி கசிந்து குமிழாகி, ஒன்றிரண்டு வாரம் கழித்துச் சிறுநீரில் திடீரென்று ரத்தமாக வரலாம். அப்போது உடனே போக வேண்டும். பெரும்பாலும் எம்போலைசேஷனிலேயே தீர்ந்துவிடும். எடுத்த கட்டியின் இறுதி ரிப்போர்ட் வருவதற்குச் சில நாட்கள் பிடிக்கும். அபூர்வ வகை என்று வந்தால், கட்டியின் திசுவைப் பதித்து வைத்திருக்கும் கண்ணாடித் தகடுகளையும் மெழுகுக் கட்டையையும் வாங்கி, இந்தத் துறையில் அனுபவமுள்ள இன்னொரு நோயியல் நிபுணரிடம் காட்டச் சொல்லலாம். கேன்சர் என்றே வந்தாலும், 46 வயதுக்குள் வந்திருந்தால் மரபணு ஆலோசனை பெறச் சொல்கிறது அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) சங்கத்தின் வழிகாட்டுதல்.

அறுவைக் குறிப்பையும் நோயியல் ரிப்போர்ட்டையும் நகல் எடுத்து, அந்த இளைஞரின் கையிலேயே கொடுத்து வையுங்கள். வெட்டிய இடத்தில் ஒரு தழும்பும் பள்ளமும் கடைசிவரை இருக்கும். ரத்தத்தை நிறுத்த வைத்த பொருளும் கொஞ்ச காலம் அங்கே கட்டி போலவே ஸ்கேனில் தெரியும். இருபது வருஷம் கழித்து வேறு ஊரில், வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது, பழைய கதை தெரியாத டாக்டர் அதைப் பார்த்துப் புதிதாகக் கட்டி வந்திருக்கிறது என்று எழுதிவிடலாம். அப்போது அவர் முன்னால் எடுத்து வைக்க அந்த இரண்டு தாள்கள் வேண்டும்.